சுற்றிலும் இரண்டு வரிசை

என் தங்கை இசக்கியின் கழுத்தை அவள் புருஷன் நெரித்துவிட்டான் என்று ஆள் வந்து சொன்னபோது நான் கானுக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

தேயிலைக்கு நடுவே வெட்டும் வாய்க்காலைத்தான் எங்கள் எஸ்டேட்டில் கான் என்போம். இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தபோது என் அப்பா தலைமுறை கொண்டுவந்த சொல். மற்றவர்கள் தண்ணீர் போவதற்குக் கான் வெட்டுவார்கள். நான் நோய் தாண்டாமல் இருக்க வெட்டுகிறவன். சேரம்பாடிக்கு மேலே எங்கள் மலையில் செவ்வேர் நோய் விழுந்த இடமெல்லாம் என் கும்பல் கைபட்ட இடம். எட்டுப் பேர், எட்டுக் கடப்பாரை. ஒரு செடி வாடிச் செத்தால் அதை மட்டும் பிடுங்கிப் போட்டால் வேலை முடியாது. சுற்றிலும் இரண்டு வரிசை, பச்சைப்பசேல் என்று கொழுந்து விட்டு நின்றாலும் சரி, வேரோடு தோண்டி எரிக்க வேண்டும். அதற்கு வெளியே நாலடி ஆழத்துக்குக் கான். புதிதாக வருகிற மேனேஜர் துரைமார் எல்லாரும், “இது நல்லாத்தானே இருக்கு நல்லசாமி, இதை எதுக்குத் தோண்டுறே?” என்று கேட்பார்கள். நான் வேரைத் தண்ணீரில் அலசிக் காட்டுவேன். பட்டைமேல் சிவப்பு நூல் ஓடியிருக்கும். அதைக் காட்டும்போது எனக்கு ஒரு திமிர் வரும். இருபத்தாறு வருஷத்துத் திமிர்.

அன்று மேட்டில் நின்று கூப்பிட்டவள் கிருஷ்ணம்மாள். எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் இசக்கிக்குப் பக்கத்து வீடு. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். “அண்ணே, ஒச்சப்பன் வேலையைக் காட்டிட்டான், கொஞ்சம் வந்துட்டுப் போங்க” என்றாள். மழை வருது, துணியை எடுங்க என்று சொல்கிற குரல்.

நான் போனபோது ஒச்சப்பன் வாசற்படியில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தான். கொழுந்து லாரியில் மூட்டை ஏற்றுகிற ஆள். மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் அவனும் இசக்கியும்தான். கை இரண்டும் உலக்கை. “வாங்க மச்சான்” என்றான். நான் பேச்சுக்கு முன்னால் கையை நீட்டுகிற ஜாதி. டம்ளரோடு சேர்த்து ஓர் அறை விட்டேன். டீ அவன் கண்ணில் தெறித்தது. எழுந்தான், நெஞ்சில் உதைத்தேன், மூன்று படி உருண்டு கோழிக்கூண்டில் போய் விழுந்தான். லயமே வாசலுக்கு வந்து பார்த்தது. உள்ளே இசக்கி அரிசி டிரம்மில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு காதில் தோடு இல்லை, தோடு இருந்த இடம் கிழிந்து தொங்கியது. கழுத்தில் வலப்பக்கம் நாலு விரல், இடப்பக்கம் ஒரு கட்டைவிரல். சாதம் குழைந்துவிட்டதாம்.

“அண்ணே, இந்தத் தடவை என்னைக் கூட்டிட்டுப் போயிருங்க” என்றாள்.

“எங்கடி கூட்டிட்டுப் போறது? உன் பேர்ல வீடு, உன் பேர்ல வேலை. எல்லாத்தையும் அவனுக்கு விட்டுட்டு வரப் போறியா? நான் பேசுறேன்.”

பேசினேன். அதுதான் என் இரண்டாவது தொழில். எங்கள் டிவிஷனில் நான் போகாத பஞ்சாயத்து கிடையாது. முதலில் நாலு அடி, பிறகு நாலு வார்த்தை, பிறகு ஒரு கோழி, ஒரு குவார்ட்டர். ஒச்சப்பன் அழுதான். என் காலில் விழுந்தான். ‘இனிமே கை நீட்டினா என் கை அழுகிப் போவட்டும்’ என்று மாரியம்மன் பக்கம் பார்த்துச் சொன்னான். “அடிக்கிற கைதான் அணைக்கும்” என்று கிருஷ்ணம்மாள் இசக்கியின் முதுகைத் தடவிவிட்டாள். பொழுது சாய்வதற்குள் எல்லாரும் ஒரே சட்டியில் கறி தின்றோம். இசக்கிதான் பரிமாறினாள். பூசி மெழுகுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். என் பெண்டாட்டி செத்து ஆறு வருஷம். அவளை நானும் நாலைந்து தடவை அடித்திருக்கிறேன். நாலைந்து தடவைதானே என்று பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

மறுநாள் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து நானே அவள் கழுத்தில் பற்றுப் போட்டேன். ஒரு வாரத்தில் விரல் தடம் மறைந்தது. கட்டைவிரல் பதிந்த இடத்துக்குக் கீழே ஒரு வீக்கம் மட்டும் மறையவில்லை. நெல்லிக்காய் அளவு. தொட்டால் வலிக்கவில்லை என்றாள். எச்சில் விழுங்கினால் கூடவே ஏறி இறங்கியது. அடிபட்ட வீக்கம், ரத்தம் கட்டியிருக்கிறது, தானாகக் கரையும் என்று நான் சொன்னேன். கிருஷ்ணம்மாளும் அதையே சொன்னாள். வேறு ஏதாவது இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? கை பட்டதைத்தான் எல்லாரும் பார்த்தோமே.

“டிஸ்பென்சரிக்குப் போய்க் காட்டிட்டு வரட்டுமா அண்ணே?”

“காட்டினா என்ன ஏதுன்னு கேப்பாங்க. அடின்னு தெரிஞ்சா ஸ்டேஷனுக்கு எழுதுவாங்க. அவனைப் புடிச்சு உள்ளே வச்சா உனக்குத்தான் அவமானம். வீக்கம் வத்தற வரைக்கும் துணியைச் சுத்திக்க.”

கொழுந்து பறிக்கிற பெண்கள் வெயிலுக்கும் அட்டைக்கும் தலையில் துணி கட்டுவார்கள். இசக்கி அதைக் கழுத்துவரை இறக்கிக் கட்டினாள். பதினாலு மாதம் அப்படியே கட்டினாள்.

அந்தப் பதினாலு மாதத்தில் ஒச்சப்பனின் கை அழுகவில்லை. ஒரு தடவை அவள் தலையைப் பிடித்துப் பலகைச் சுவரில் மோதினான். பலகை பிளந்தது, கிருஷ்ணம்மாள் அந்தப் பிளவில் காலண்டர் மாட்டிக்கொண்டாள். ஒரு தடவை கொதிக்கிற தேயிலைத் தண்ணீரைத் தொடையில் ஊற்றினான். ஒரு தடவை செடியைக் கழிக்கிற கவ்வாத்துக் கத்தியின் பின்பக்கத்தால் மணிக்கட்டில் போட்டான். எலும்பு முறிந்தது. அதற்கு மட்டும் டிஸ்பென்சரிக்குப் போகாமல் முடியவில்லை. ‘கானில் வழுக்கி விழுந்தேன்’ என்று அவள் சொல்ல, ‘நான் பார்த்தேன்’ என்று நான் கையெழுத்துப் போட்டேன். வேலிக்கு ஓணான் சாட்சி. துரை என்னைக் கூப்பிட்டுத் திட்டினார். இனிக் கான் வெட்டினால் ஓரத்தில் கயிறு கட்ட வேண்டும் என்று உத்தரவு. யாரும் விழாத கானுக்கு நான் இரண்டு நாள் கயிறு கட்டினேன். கயிறு கட்டும்போது ஒச்சப்பனே வந்து குச்சி ஊன்றிக் கொடுத்தான்.

ஒவ்வொரு தடவையும் போனேன். ஒவ்வொரு தடவையும் அவனை அடித்தேன், பற்றுப் போட்டேன், கறி தின்றேன். அவளைக் கையைப் பிடித்து அந்த வாசலுக்குள் கொண்டுபோய் விட்டேன். அதே லயத்தில் இன்னும் இரண்டு வீட்டில் கை நீட்ட ஆரம்பித்தார்கள். அதற்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

பதினாலாம் மாதம் அவள் குரல் கம்மியது. சளி என்றார்கள். சுக்குக் காபி குடித்தாள். குரல் இன்னும் கம்மி, கடைசியில் காற்று மட்டும் வந்தது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் எடை சொன்னால் கணக்கனுக்குக் கேட்கவில்லை. டிஸ்பென்சரி நர்ஸ் அந்தப் பக்கம் வந்தவள் துணியை அவிழ்க்கச் சொல்லியிருக்கிறாள். அவிழ்த்ததும், “இத்தனை நாளா என்ன பண்ணீட்டு இருந்தீங்க?” என்று அங்கேயே கத்திவிட்டாளாம். கோயம்புத்தூருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஒச்சப்பனுக்கு லோடு இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரி. கழுத்தில் ஊசி விட்டார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், பிறகு பக்கத்தில் புடைத்திருந்த இன்னொரு கட்டியிலிருந்தும் ஒரு துண்டு எடுத்தார்கள். தைராய்டு புற்றுநோய். இசக்கி கேட்டுவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினாள். எடுத்த துண்டைப் பார்த்து எழுதுகிற டாக்டர் பிலோமி என்று ஓர் அம்மா. மூக்குக்கண்ணாடி, கோபக்காரி. என்னைத் தனியாக உள்ளே கூப்பிட்டார்.

“இந்த அம்மா கழுத்தில, தொடையில, கையில இருக்கறதெல்லாம் என்னங்க?”

நான் அதற்குப் பதில் சொல்லாமல் வேறு கேட்டேன். “டாக்டரம்மா, இது அடியால வந்ததா?”

“இல்லீங்க. அடிச்சா கேன்சர் வராது.”

என் நெஞ்சு லேசானது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்ததைத்தான் சொல்கிறேன். என் தங்கைக்குப் புற்றுநோய் என்று தெரிந்து கால் மணி நேரத்தில், அப்படியென்றால் மச்சான் மேல் குற்றமில்லை என்று ஒரு நிம்மதி எனக்குள் வந்தது.

“எப்ப முதல்ல பார்த்தீங்க?”

“பதினாலு மாசம் இருக்கும். அடிபட்ட வீக்கம்னு நினைச்சோம்.”

“யாரு நினைச்சது?”

“நான்தாங்க.”

“அப்பவே வந்திருந்தா பெரும்பாலும் கழுத்துக்குள்ளயே முடிஞ்சிருக்கும். இது அடங்குற வகைதான். இப்ப வெளியே நடக்க ஆரம்பிச்சிருச்சு.”

நடப்பதென்றால் என்ன என்று கேட்டேன். கட்டிக்குக் காலா இருக்கிறது? எனக்கு நோய் பரவுவது தெரியும், இருபத்தாறு வருஷம் அதைத் தோண்டியிருக்கிறேன் என்று அங்கேயும் திமிராகச் சொன்னேன். செவ்வேர் பற்றி, இரண்டு வரிசை பற்றிச் சொன்னேன். அவர் கோபம் கொஞ்சம் தணிந்து, “அப்ப உங்களுக்குச் சீக்கிரம் புரியும், வாங்க” என்று மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கச் சொன்னார்.

ஊதா நிறத்தில் நெருக்கி அடித்துக்கொண்டு புள்ளி புள்ளியாக ஒரு கூட்டம் இருந்தது. அதுதான் கட்டி என்றார். அதைச் சுற்றி ரோஸ் நிறத்தில் நூல் நூலாக ஓடியது. நான் பார்த்துப் பழகிய நூல் மாதிரியே இருந்தது.

“அந்த நூல்தானுங்களே நோய்?” என்றேன்.

“அதுதான் இல்ல. அது உங்க தங்கச்சியோட சொந்தச் சதை. நல்ல சதை. காயம் பட்டா ஓடி வந்து, நூல் பின்னி, இழுத்து மூடி ஆத்தற செல்லுங்க இருக்கு. காயம் ஆறினதும் அதுங்க வேலையை நிறுத்திரும். இந்தக் கட்டி என்ன பண்ணுதுன்னா, இங்க காயம் இருக்கு, வா வான்னு அதுகளைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்குது. அதுங்களும் வந்து ஆத்தறோம்னு நினைச்சுப் பின்னிக்கிட்டே இருக்கு. அந்த நூலைப் புடிச்சுக்கிட்டுத்தான் கட்டி வெளியே நடக்குது. அந்தா, ஓரத்துல ஒண்ணு ரெண்டு ஊதாப் புள்ளி வரிசையாப் போகுது பாருங்க.”

பார்த்தேன். போய்க்கொண்டிருந்தது.

“அப்ப சுத்தி இருக்கறதும் கெட்டதா?”

“கெட்டதுன்னு சொல்ல மாட்டேன். அது உதவி செய்யுது. யாருக்கு உதவி செய்யறோம்னு அதுக்குத் தெரியல. ஆனா கட்டி தனியா இருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆபரேஷன்ல சுத்தி இருக்கறதையும் சேர்த்துத்தான் எடுப்பாங்க. மறுபக்கத்து தைராய்டு நல்லாத்தான் தெரியுது, அதையும் எடுத்துருவாங்க.”

தேதி கொடுத்தார்கள். பத்தாம் நாள், வியாழக்கிழமை. அந்தத் தேதியைத் தவறவிட்டால் அடுத்தது இரண்டு மாதம் கழித்துத்தான் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மலைக்குத் திரும்பினோம். பஸ்ஸில் இசக்கி ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். எனக்கு அந்த ரோஸ் நூல் கண்ணிலேயே நின்றது. ஏன் நின்றது என்று யோசிக்கவில்லை. யோசித்தால் எங்கே போய் முடியும் என்று உள்ளே தெரிந்திருக்கும்போல.

லயத்தில் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். அந்த வருஷம் ஒச்சப்பன் தீச்சட்டி எடுக்கிறான். வியாழன் ஆபரேஷன், வெள்ளி தீச்சட்டி. அவன் விஷயத்தைக் கேட்டதும் முதலில் கத்தவில்லை. ஊரைக் கூட்டினான். அதில் அவன் கெட்டிக்காரன். “நான் சட்டி எடுக்குற வருஷம் பொண்டாட்டி கழுத்தை அறுத்துக்கிட்டு ஆஸ்பத்திரியில கெடந்தா, ரத்தத் தீட்டோட நான் எப்படிங்க சட்டி எடுக்கிறது? ஆத்தா சும்மா விடுமா?” என்றான். ஆமாம் ஆமாம் என்றார்கள். உண்மையில் அவனுக்குத் தீட்டுப் பயம் இல்லை, நர்ஸிடமும் டாக்டரிடமும் அவள் என்ன சொல்லி வைத்திருக்கிறாளோ என்ற பயம். எனக்கு அது தெரியும்.

யூனியன் தலைவர் மரியஅந்தோணி வந்தார். மாதாகோயில்காரர் ஆனாலும் எங்கள் திருவிழாவுக்கு முன்னால் நிற்கிறவர், நல்ல மனுஷன். புதன்கிழமை மத்தியானம் இசக்கி வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்தோம். “நல்லசாமி, ரெண்டு பக்கமும் மனசு நோகாம ஒரு முடிவு எடுப்பம். பதினாலு மாசம் இருந்த கட்டி, பத்து நாள்ல ஓடியா போயிரும்? திருவிழா முடியட்டும். ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க” என்றார்.

நான் போன் போட்டேன்.

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு வந்த நான், லயத்துக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, போன் போட்டுத் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டேன். இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். கலந்து பேசிச் சொல்கிறேன் என்று வைத்தேன். உள்ளே போய் இசக்கியிடம், “கொஞ்ச நாள்தானே தாயி. இவன் சட்டி எடுத்து முடிக்கட்டும். நான் பேசி வேற தேதி வாங்கித் தரேன்” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். எழுந்துபோய்க் கொடியில் கிடந்த புடவையை எடுத்துப் பைக்குள் வைத்தாள். ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்து வைத்தாள். நான் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். கிருஷ்ணம்மாள் எல்லாருக்கும் டீ கொண்டுவந்து கொடுத்தாள். ஒச்சப்பன் உள்ளே போனான்.

சத்தம் எதுவும் வரவில்லை. வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். எவ்வளவு சர்க்கரை போட்டாய் என்று மரியஅந்தோணி கேட்டுக்கொண்டிருந்தார். தட்டு ஒன்று தரையில் விழுந்து சுற்றி நிற்கிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான். அந்தத் தட்டு நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது, அவளால் இப்போது கத்த முடியாது.

உள்ளே ஓடினேன். ஃபைல் அடுப்புக்குள் எரிந்துகொண்டிருந்தது. காப்பீட்டு அட்டை சுருண்டு கருகிக்கொண்டிருந்தது. அதை எடுக்க அவள் கையை நெருப்புக்குள் விட்டிருந்தாள், கை வெந்திருந்தது. ஒச்சப்பன் பின்னாலிருந்து அவள் கழுத்தை, அந்தக் கட்டியோடு சேர்த்து, முழங்கை மடிப்பில் வைத்து நெரித்துக்கொண்டிருந்தான். அவள் வாய் அகலத் திறந்திருந்தது. வெறும் காற்று. கால் இரண்டும் தரையை உதைத்துக்கொண்டிருந்தன. “ஆஸ்பத்திரியில போய் என் மானத்தை வித்தியாடி” என்று அவன் அவள் காதோரம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை புதுப்பெண்ணிடம் பேசுகிற குரல்.

வேலையிலிருந்து கொண்டுவந்த என் கடப்பாரை வாசல் மூலையில் சாத்தியிருந்தது. எடுத்தேன். “நல்லசாமி, நீங்களா இப்படி? விடுங்க, பேசிக்கலாம்” என்று மரியஅந்தோணி என் கையைப் பிடித்தார். கிருஷ்ணம்மாள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவனை யாரும் பிடிக்கவில்லை. இன்றுவரை எனக்கு மறக்காத காட்சி அது. கழுத்தை நெரிக்கிறவனை விட்டுவிட்டு, நாலு பேர் என்னைப் பிடித்தார்கள். முழங்கையால் மரியஅந்தோணியின் வாயில் இடித்தேன். இரண்டு பல் என் தோளில் தெறித்தது. கிருஷ்ணம்மாளை உதறினேன். ஒச்சப்பனின் கெண்டைக்காலில் கடப்பாரையை இறக்கினேன். நாலடி மண்ணைப் பிளக்கிற வேகம். எலும்பு முறிகிற சத்தம் காய்ந்த வேர் முறிகிற சத்தம்தான். அவன் இசக்கியை விட்டுவிட்டு விழுந்தான். விழுந்தவன் மறு முழங்காலில் இன்னொன்று போட்டேன். மூன்றாவது அவன் தலைக்கு ஓங்கினேன்.

தலையில் விழுவதற்குள் லயமே என்மேல் விழுந்தது. ஆண், பெண், கிழம் எல்லாம். நான் சமாதானம் பண்ணி வைத்த வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும். விறகுக்கட்டை, செருப்பு, கையில் கிடைத்ததெல்லாம். என் இடது காது அன்றைக்குப் போனது, இன்னும் கேட்காது. விலா எலும்பு மூன்று. “திருவிழாவைக் கெடுத்துட்டானே பாவி” என்று யாரோ அழுதார்கள். தரையில் கிடந்து அடிவாங்கும்போது கால்களுக்கு நடுவே பார்த்தேன், ஒச்சப்பனின் தலையைக் கிருஷ்ணம்மாள் மடியில் வைத்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இசக்கியை யாருமே பார்க்கவில்லை. நானும்தான். போலீஸ் வந்து கேட்டபோதுதான் அவள் இல்லை என்று தெரிந்தது. நாங்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் சுற்றி நின்று அடித்துக்கொண்ட நேரத்தில், வெந்த கையைத் தலைத்துணியில் சுற்றிக்கொண்டு, பையில்லாமல், ஃபைல் இல்லாமல், குறுக்குப் பாதையில் இறங்கி பஸ் ஏறியிருக்கிறாள். வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்திருந்தாளாம்.

என்னைப் பதினெட்டு நாள் உள்ளே வைத்தார்கள். எனக்கு வருத்தமில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் இருந்தேன். ஒச்சப்பனின் ஒரு கால் இனி ஒட்டாது என்று கேள்விப்பட்ட அன்று வயிறாரச் சாப்பிட்டேன். என் தங்கைக்காக ஒருவன் காலை உடைத்திருக்கிறேன், எந்த அண்ணன் செய்வான் என்று கூட இருந்தவர்களிடம் பீற்றிக்கொண்டேன். ஜாமீனில் வந்த மறுநாளே ஹார்லிக்ஸும் கமலாப்பழமும் வாங்கிக்கொண்டு கோயம்புத்தூர் போனேன்.

வாசலில் பார்வையாளர் சீட்டு எழுதுகிறவர், “நீங்க பேஷண்டுக்கு என்ன வேணுமுங்க?” என்று கேட்டார். “கூடப்பிறந்த அண்ணன்” என்று சத்தமாகச் சொன்னேன்.

வராந்தாவில் டாக்டர் பிலோமி எதிரே வந்தார். என்னைப் பார்த்து நின்றார். தைராய்டு இரண்டு பக்கமும் எடுத்தாயிற்று, கழுத்து நெறிக்கட்டிகள் எடுத்தாயிற்று, ஒட்டியிருந்த தசையும் கொஞ்சம் எடுத்தார்கள், ஒரு குரல் நரம்பைக் காப்பாற்ற முடியவில்லை என்றார். நெஞ்சில் இரண்டு சின்னப் புள்ளி தெரிகிறதாம். அயோடின் மருந்தில் அடங்கும் என்று நம்புகிறார்களாம். “பொழைச்சுக்குவாங்க. அந்தப் பதினாலு மாசத்தோட வேலைதான் அந்த ரெண்டு புள்ளி” என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இசக்கி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தையல் தடம். கையில் கட்டு. துணி எதுவும் சுற்றவில்லை. கழுத்தைத் திறந்து போட்டுக்கொண்டு அவளை நான் பார்த்தே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“அவன் காலை உடைச்சுப் போட்டேன் தாயி. இனிமே உன் பக்கம் வர மாட்டான். நீ தைரியமா வீட்டுக்கு வரலாம். நான் இருக்கேன்.”

அவள் உதடு அசைந்தது. காது கேட்காத பக்கம் என்பதால் நான் மறுபக்கம் திரும்பிக் குனிந்தேன். வெறும் காற்றில்தான் பேசினாள், ஆனால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“டிஸ்சார்ஜ் ஆனா திருப்பூருக்குப் போறேன், மக வீட்டுக்கு. அட்ரஸ் யாருக்கும் குடுக்க வேண்டாம்னு சொல்லிருக்கேன்.”

“அதுவும் நல்லதுதான். ஒச்சப்பன் ஆளுங்க தேடிட்டு வருவாங்க. எனக்கு மட்டும் குடு, நான் மாசம் ஒரு தடவை வந்து...”

“உங்களுக்கும்தாண்ணே.”

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். “நான் உனக்கு நல்லதுதானேம்மா பண்ணினேன்? ஒவ்வொரு தடவையும் ஓடி வந்தேனே? உனக்காக ஜெயிலுக்குப் போயிட்டு வந்திருக்கேனே?”

“ஓடி வந்தீங்க. பத்துப் போட்டீங்க. மறுபடி அங்கயே கொண்டுபோய் விட்டீங்க.” மூச்சு வாங்கியது. “அவன் ஒருத்தன்தாண்ணே. அவன் ஒருத்தனா இருந்திருந்தா நான் என்னைக்கோ வெளியே வந்திருப்பேன்.”

எனக்குக் கோபம் வந்தது. உண்மையாகவே வந்தது. கை ஓங்கத் தோன்றியது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“செவ்வேர் விழுந்தா எத்தனை வரிசை தோண்டுவீங்க?”

“ரெண்டு வரிசை.”

“பச்சையா இருந்தாலும்?”

“பச்சையா இருந்தாலும்.”

“நீங்க மொத வரிசைண்ணே” என்றாள்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பழத்தை மேசையில் வைத்தேன், பிறகு அதுவும் வேண்டாமோ என்று எடுத்துக்கொண்டேன்.

வாசலில் சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் பேரை அடித்துவிட்டு, “நாளைக்கும் வருவீங்களா? இப்பவே எழுதி வச்சறட்டுங்களா?” என்று கேட்டார்.

வேண்டாமுங்க என்றேன்.